துப்பாக்கி வீட்டுக் காயிதம்

தள்ளி ஒக்காருங்க அண்ணாச்சி. இந்தப் பெஞ்சுல மூணு பேரு தாராளமா ஒக்காரலாம். டோக்கன் எத்தன? அம்பத்தேழா? அப்போ சாப்பாட்டுக்கு மேலதான். இப்ப இருவத்தி ரெண்டுதான் ஓடுது. எனக்கு டோக்கன் கெடையாது. நான் மனு குடுக்க வரல, விசாரணைக்கு வந்திருக்கேன். அந்தா, எட்டாம் நம்பர் ரூம்பு. பேரச் சொல்லிக் கூப்புடுவாகளாம். ஒம்பது மணிக்கு வந்தேன், இன்னும் கூப்புடல.

கேட்டுல உங்க தண்ணி பாட்டில மோந்து பாத்தாகளா? என்னையும் மோந்தாக. கலெக்டர் ஆபீசுல திங்கக்கெழமன்னா அப்பிடித்தான். எவனாச்சும் மண்ணெண்ணெயக் கொண்டாந்து மேல ஊத்திக்கிருவான்னு பயம். அந்தப் பொம்பளப் போலீசு என் பாட்டில மோந்தா, தூக்குவாளிய மோந்தா, "என்ன பெரியவரே, புளியோதரையா"ன்னு சிரிச்சா. ஆமாம்மான்னேன். போங்கன்னுட்டா. மோந்து பாக்கதுதான் அவ வேல. அத ஒழுங்காச் செஞ்சா.

உங்க பேரென்ன சொன்னீக? தங்கையாவா? எந்த ஊரு? ஊத்தடியா? ஊத்தடில கீழத்தெருவா, மேலத்தெருவா? ஓகோ, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால. சரி சரி. வீட்டு மனப் பட்டாவா? குடுப்பாக, குடுப்பாக. நல்ல மனுசன்னு மொகத்தப் பாத்தாலே தெரியுது. நான் வெள்ளப்பாண்டி. எங்க ஊருல வந்து வெள்ளப்பாண்டின்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. துப்பாக்கி வீடுன்னு கேக்கணும். பஸ் ஸ்டாப்புல நிக்க நண்டு சிண்டு கூட வழி காட்டும்.

துப்பாக்கி வீடுன்னா சும்மா இல்ல. எங்க தாத்தா அணைஞ்சபெருமாளு, மஞ்சப்பாறை எஸ்டேட்டுல தொரைக்கு வலதுகையா இருந்தவரு. ஒருநா தொரை மேல சிறுத்த பாய்ஞ்சிருச்சு. தாத்தா வெறும் அருவாளோட குறுக்க பாய்ஞ்சு ஒரே வெட்டு. தொரை அப்பிடியே கட்டிப்பிடிச்சு அழுது, தன் இடுப்புல இருந்த ரிவால்வர உருவி தாத்தா கையில குடுத்து, "பெருமாளு, இது இனி உன் வீட்டுச் சொத்து"ன்னு சொல்லி, காயிதமும் எழுதிக் குடுத்தாரு. அந்தக் காயிதத்தக் கண்ணாடி போட்டு சாமி ரூம்புல மாட்டியிருக்கோம். எங்கப்பா இந்தக் கதையச் சொல்லும்போது ஊரே வாயப் பொளந்து கேக்கும். நான் சொன்னாலும் கேக்கும். எங்க வரப்ப எவனும் ஒரு சாண் தள்ளிப் போட்டதில்ல. கோயில் கொடையில எங்க வீட்டுக்குத்தான் மொத மாலை. நான் பொண்ணு கேட்டுப் போனப்பகூட எங்க மாமனாரு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "துப்பாக்கி வீடுதானே?" அம்புட்டுத்தான். தட்ட மாத்திட்டாக.

அது ஒரு நாளும் வெடிச்சதில்ல பாத்துக்கோங்க. குண்டே கெடையாது. குட்டத் துப்பாக்கி, கைக்கு அடக்கமா இருக்கும். வருசத்துக்கு ஒருதரம் ஆயுத பூசைக்கு வெளிய எடுப்போம். என் வீட்டுக்காரி பேச்சியம்மா செங்கப்பொடியும் புளியும் போட்டுத் தேச்சு, பளபளன்னு வெளக்கி, சந்தனம் குங்குமம் வச்சு, மேல ஒரு எலுமிச்சம்பழம் சொருகி வைப்பா. அதுக்கு முன்னால எங்கம்மா தேச்சாக. அதுக்கு முன்னால எங்க ஆச்சி. குத்துவெளக்கு எப்பிடியோ அப்பிடித்தான் அதும்.

இந்த வருசம் ஆயுத பூசைக்கு நான் ஒரு போட்டோ எடுத்தேன். நல்லா விழுந்திருந்துச்சு. சந்தனம், குங்குமம், பின்னால தாத்தா படம். சொந்தக்காரவுக வாட்சப் குரூப்புல போட்டேன். "வீர வம்சத்தின் ஆயுத பூசை வாழ்த்துகள்"னு எழுதித்தான் போட்டேன். நூத்தி இருவது பேரு இருக்காக அதுல. அம்புட்டுப் பேரும் கும்புடு போட்டாக. ஒருத்தன் மட்டும் போடல. என் தங்கச்சி மாப்பிள்ள ஆவுடையப்பன்.

அவனுக்கும் எனக்கும் பங்குக் கெணத்துல தண்ணி பாய்ச்சுற மொற விசயமா கொஞ்சம் மனத்தாங்கல். பெருசா ஒண்ணுமில்ல. ஒருநா மோட்டார் போட வந்தவன, "ஏய், துப்பாக்கி வீட்டுக் கெணறுன்னு தெரியும்ல?"னு கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன். அவன் அத மனசுல வச்சுக்கிட்டு, அந்தப் போட்டோவப் பிரிண்டு போட்டு கலெக்டருக்கு அனுப்பிட்டான். பாருங்க அநியாயத்த. என் வீட்டுப் பொண்ணக் கட்டிக்கிட்டு என்னையே காட்டிக் குடுத்திருக்கான். அவன் மட்டும் அனுப்பலன்னா நான் ஏன் இங்க வந்து பெஞ்சு தேய்க்கேன்? போட்டோவ வெளிய விட்டவன் அவந்தானே? நான் குரூப்புலதானே போட்டேன்.

ஐப்பசியில நோட்டீசு வந்துச்சு. உரிமம் இருந்தா கொண்டா, இல்லன்னா ஆயுதம் வந்த வழிக்கு ஆவணம் கொண்டான்னு. எனக்கு ஒரு பயமும் இல்ல அப்போ. தொரை எழுதுன காயிதமே இருக்கே! சொவத்துல இருந்து கழட்டி, துண்டுல சுத்தி, வக்கீல்கிட்ட கொண்டு போனேன். துப்பாக்கிய போன்ல படம் எடுத்துட்டுப் போனேன்.

வக்கீலு மொதல்ல படத்தத்தான் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தாரு. "நம்பர் எங்கய்யா?"ன்னாரு. என்ன நம்பருன்னேன். "ஒவ்வொரு துப்பாக்கிக்கும் நம்பர் வெட்டியிருப்பான். இதுல வழவழன்னு இருக்கு. எவன் அழிச்சது?" ஒருத்தரும் அழிக்கலய்யா, புளி போட்டுத் தேய்ப்போம்னேன். அவரு பேனாவக் கீழ வச்சிட்டாரு. எழுவது எம்பது வருசம் தேச்சா இரும்பா இருந்தா என்ன, நம்பரு தேயாதா? "வெள்ளப்பாண்டி, நம்பர் இல்லாத துப்பாக்கி வச்சிருந்தா, நீதான் அழிச்சன்னு எடுத்துக்கிரும் சட்டம். செங்கப்பொடி, புளின்னு கோர்ட்டுல சொன்னா சிரிப்பான்." கும்பிட்டுத் தேச்சதுக்கு ஜெயிலா அண்ணாச்சி?

பெறவு காயிதத்தக் கேட்டாரு. நீங்க கேப்பீக, இத்தன வருசமா நீ படிக்கலயான்னு. எனக்கு இங்கிலீசு தெரியாம இல்ல, பியூசி வரைக்கும் படிச்சவன். தொரை கையெழுத்து எறும்பு ஊர்ந்த கணக்கா இருக்கும். அதோட பாதிக்கு மேல சந்தனம். பூசைக்குப் பூசைக்கு கண்ணாடியக் கழட்டி காயிதத்துக்கும் ஒரு பொட்டு வைப்போம்ல. எங்கப்பா அதத் தொடவே விடமாட்டாரு. "தொரை கைபட்டது, சும்மா சும்மா தொடாத"ம்பாரு. வக்கீலு குண்டூசிய வச்சு சந்தனத்தச் சொரண்டிச் சொரண்டி எடுத்தாரு. எடுத்துப் படிச்சாரு. ரெண்டாந்தரம் படிச்சாரு. என்னைய நிமிந்து பாத்தாரு.

மதுரையில ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடைக்கு எழுதுனது அது. "இதக் கொண்டுவாரவன் அணைஞ்சபெருமாள், எங்க எஸ்டேட் தபால் தூக்குற ஆள். கூட அனுப்பியிருக்க ரிவால்வர்ல சுத்துற பாகம் இறுகிப் போச்சு. சரிபண்ணி இவன் கையிலயே குடுத்தனுப்பவும். நம்பிக்கையான ஆள்." கீழ தேதி, ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி நாப்பத்தி நாலு. கையெழுத்து. அம்புட்டுத்தான்.

சிறுத்தயும் இல்ல, ஒரு எழவும் இல்ல.

ஆனா ஒண்ணு கவனிச்சீகளா? நம்பிக்கையான ஆளுன்னு தொரையே எழுதியிருக்காரு. எல்லாரையும் அப்பிடி எழுதுவாகளா? அந்த வார்த்தைக்காகவே அதக் கண்ணாடி போட்டது தப்பில்லன்னு வக்கீல்கிட்டச் சொன்னேன்.

எனக்கு மனசு கேக்கல. இது மொதக் காயிதமா இருக்கும், ரிப்பேர் முடிஞ்சு வந்த பெறவு சிறுத்த பாய்ஞ்சிருக்கும், அப்ப வேற காயிதம் எழுதியிருப்பாருன்னு மஞ்சப்பாறைக்கே கெளம்பிட்டேன். மூணு பஸ்ஸு மாறணும். எஸ்டேட்டு இப்போ யாரு யாரு கைக்கோ போயிருச்சு. பழைய காயிதம்லாம் வெள்ளத்துல போச்சுன்னுட்டான் ஆபீசுல. வாட்ச்மேன்தான் சொன்னான், பழைய தொரை காலத்து ஆளுகன்னா மாதா கோயில் பக்கத்து லயத்துல, கூலிக்காரவுக வரிசை வீட்டுல, மரியசெல்வம்னு ஒருத்தர் இருக்காரு, அவுக அப்பா தொரை பங்களாவுல பட்லரா இருந்தவருன்னு.

போனேன். எம்பது வயசு இருக்கும் அவருக்கு. கண்ணு சரியாத் தெரியல. நான் எந்த ஊரு, யாரு வீடுன்னு சொல்லல. பழைய துப்பாக்கியப் பத்தி விசாரிச்சு எழுதுதேன்னு சொன்னேன். எழுதத்தானே போறேன், பொய்யில்லயே. துப்பாக்கின்ன உடனே மனுசன் எந்திரிச்சு நின்னுட்டாரு. "எங்கய்யா சூசை. அந்தத் துப்பாக்கிக்குத்தான் ரெண்டு வருசம் உள்ள இருந்தாக. நான் கைப்புள்ள அப்போ"ன்னாரு. பெட்டியில இருந்து தீர்ப்பு நகலையே எடுத்துக் காட்டுனாரு. அப்பீல் போடணும்னு அவுக அப்பா வாங்கி வச்சதாம். போட வசதியில்ல. நான் அத போன்ல படம் எடுத்துக்கிட்டேன்.

அதுல எங்க தாத்தா சாட்சி சொல்லியிருக்காரு. மதுரையில இருந்து திரும்பி வந்தேன், பங்களா வாசல்ல பட்லர் சூசை நின்னாரு, எனக்கு ஒண்ணுக்கு வந்துச்சு, பொட்டலத்த அவரு கையில குடுத்துட்டுப் போனேன், திரும்பி வந்து பாத்தா பொட்டலத்தக் காணும், அவரு வாங்கவே இல்லன்னு சாதிக்காருன்னு. கையில குடுத்தேன், கையில குடுத்தேன்னு மூணு எடத்துல வருது. சூசை பெட்டியச் சோதிச்சிருக்காக, லயத்தையே சோதிச்சிருக்காக. துப்பாக்கி அம்புடல. எப்பிடி அம்புடும்?

அது வந்து, நீங்க ஒண்ணு யோசிக்கணும் அண்ணாச்சி. அவசரப்பட்டு நெனச்சிரக்கூடாது. தாத்தா நெசமாவே அவன் கையில குடுத்திருக்கலாம். அவனே பெறவு பயந்துபோயி தாத்தாகிட்டத் திருப்பிக் குடுத்திருக்கலாம். என்ன நடந்துச்சுன்னு யாரு கண்டா? பெரியவுக ஒரு காரணம் இல்லாமலா கொண்டாந்து வச்சிருப்பாக?

மரியசெல்வம் டீ போட்டுக் குடுத்தாரு. கண்ணு தெரியாம அடுப்பத் தடவித் தடவிப் போட்டாரு. "எங்கய்யா சாவுற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாக. என் கைக்கு வரலடா, என் கைக்கு வரவே இல்லடான்னு. யாரும் நம்பல. எங்கம்மாவே முழுசா நம்புச்சான்னு தெரியல"ன்னாரு. கெளம்பும்போது என் கையப் பிடிச்சுக்கிட்டு, "எழுதுறவுக நாலு எடம் போவீக. அந்தத் துப்பாக்கி எங்கயாச்சும் கெடச்சுதாய்யா?"ன்னாரு.

இல்லீங்கய்யான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? என் கையில ஏலக்கா டீ வாசம். மூணு பஸ்ஸுலயும் அது போகல.

வீட்டுல வந்து பேச்சியம்மாகிட்டச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவ சோத்த அப்பிடியே வச்சிட்டு எந்திரிச்சுட்டா. "அடப்பாவி மனுசா, ஒருத்தன் ஜெயில்ல கெடந்த பாவத்தையா முப்பத்தஞ்சு வருசமா நான் புளி போட்டுத் தேச்சேன்?"னு கேக்கா. "கொண்டுபோயிக் குடுத்துட்டு, நடந்தத எழுதிக் குடுங்க. அந்தக் கெழவரு கண்ண மூடுறதுக்குள்ள அவருக்கும் ஒரு சேதி சொல்லிருங்க"ங்கா. அன்னியில இருந்து சாமி ரூம்புக்கு வெளக்கு ஏத்த மாட்டேங்கா. நான்தான் ஏத்துதேன்.

வக்கீலும் அதத்தான் சொன்னாரு. "நீயாக் கொண்டுவந்து ஒப்படைச்சு, தீர்ப்பு நகலையும் இந்தக் காயிதத்தையும் சேத்து வச்சு, உள்ளத உள்ளபடி எழுதிக் குடு. பெரிய மனுசங்க செஞ்சதுக்கு நீ பொறுப்பில்ல. கொஞ்சம் அலைச்சல் இருக்கும். தப்பிச்சிரலாம்"னாரு. எளுப்பமாச் சொல்லிட்டாரு. என்னத்த எழுதச் சொல்லுதீக? எங்க தாத்தா களவாணின்னு என் கையால எழுதவா? அது இந்த ஆபீசோட நிக்குமா? ஆவுடையப்பன் நகல் வாங்கி அதையும் குரூப்புல போடுவான். கொடையில மொத மாலை எந்த வீட்டுக்குப் போகும்? எங்களப் பாத்து என்னன்னு கூப்புடுவான் ஊருல? பேரன் பள்ளிக்கூடத்துல அவன என்னன்னு கூப்புடுவானுக? வழி இருக்கு வழி இருக்குங்காரு வக்கீலு. அது வழியா அண்ணாச்சி?

அப்போ தொலச்சிருவோம்னு பாத்தேன். கெணத்துல போடலாம்னா, அந்தக் கெணத்துல ஆவுடையப்பனுக்குப் பாதி. மோட்டார் எறக்குறவன் கையில தட்டுப்படும். கம்மாயில போடலாம்னு போனேன், மொழங்கால் தண்ணி, நாலு பேரு மீன் பிடிக்கான். தோட்டத்துல குழி தோண்டினேன். பக்கத்து வயக்காரன், "என்ன மாமா, தென்ன வைக்கீகளா?"ன்னுட்டு வந்து நின்னுட்டான். தென்னம்பிள்ளையே வாங்கி வச்சேன் அந்தக் குழியில. துப்பாக்கி வீடுன்னா எல்லாருக்கும் ஒரு கண்ணு நம்ம மேல இருக்கும் பாத்துக்கோங்க. பெருமையா இருந்துச்சு இத்தன நாளும். இப்ப எங்கிட்டுத் திரும்பினாலும் ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்கான். தூக்கம் போச்சு. வாசல்ல பைக் சத்தம் கேட்டாலே சன்னலுக்கு ஓடிப்போயி எட்டிப் பாக்கேன். சொந்த வீட்டுல நான் ஜெயில் கைதி கணக்கா மூணு மாசமா இருக்கேன். சூசை ரெண்டு வருசத்துல வெளிய வந்துட்டாரு. எனக்கு என்னைக்குன்னு தெரியல.

நேத்து ஏட்டு ஒருத்தரு, நமக்கு வேண்டப்பட்டவரு, போன் பண்ணிச் சொன்னாரு. நாளைக்கு நீங்க விசாரணைக்குப் போயிருக்க நேரத்துல வீட்டச் சோதிக்க வாராகன்னு. வரட்டும். சாமி ரூம்புல பேரனோட பொட்டு வெடித் துப்பாக்கிய வச்சு, சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் சொருகி வச்சிட்டு வந்திருக்கேன். இங்க எழுதிக் குடுக்கவும் தயாராக் கொண்டாந்திருக்கேன், படத்துல இருந்தது வெளையாட்டுத் துப்பாக்கி, எங்க குடும்பத்துல எந்தக் காலத்துலயும் ஆயுதம் இருந்ததில்லன்னு. ஊருக்கு அது நெசத் துப்பாக்கி. ஆபீசுக்கு மட்டும் பொம்ம. ரெண்டும் ரெண்டு எடத்துல இருந்துட்டுப் போகட்டும். பேச்சியம்மா மட்டும் வாயத் தொறக்காம இருக்கணும்.

அப்போ நெசத் துப்பாக்கி எங்கன்னு கேக்கீகளா?

வீட்டுல வைக்க முடியாது. தோட்டத்துல வைக்க முடியாது. யாரு வீட்டுலயும் குடுக்க முடியாது. மண்ணெண்ணெய மட்டும் மோந்து பாக்குற எடம் எதுன்னு யோசிச்சேன். ஏன் இப்பிடி வாளியவே பாக்கீக? மேல புளியோதரதான். நெசமாவே புளியோதர, நானே கிண்டுனேன், அவ கிண்ட மாட்டேன்னுட்டா. அடியில வாழ எலைக்குக் கீழதான் கொஞ்சம் கனம். சத்தம் போடாதீக, சும்மா இருங்க. குண்டு கிண்டு ஒண்ணும் கெடையாதுன்னுதான் சொன்னேனே.

இப்பத்தான் வந்து பாத்தேன், அந்த எட்டாம் நம்பர் ரூம்பு வாசல்ல கதவில்லாத வெறும் நெல மாதிரி ஒண்ணு நிறுத்தியிருக்கான், இரும்பு உள்ள போனா கத்துற மிசினு. சாவிக்கொத்து வச்சிருந்தவனுக்கே கத்துச்சு. இத எனக்கு ஒருத்தனும் சொல்லல.

வெள்ளப்பாண்டியா? என்னையத்தான் கூப்புடுதாக. வாரேன் சார், இந்தா வந்துட்டேன்!

அண்ணாச்சி, இதச் செத்த பிடிங்க. கீழ வைக்காதீக, கையில பிடிங்க. எங்க எந்திரிக்கீக? ஒக்காருங்க, போலீசுக்காரி இங்கிட்டுத்தான் பாக்கா. நீங்க எந்திரிச்சா டோக்கன் போயிரும். பட்டா வாங்கணும்ல? அஞ்சு நிமிசந்தான். ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வந்துருதேன். ஆயிரம் பேரு கூடுற எடத்துல உங்ககிட்டத்தான் குடுக்கணும்னு எனக்குத் தோணுச்சு பாருங்க. நம்பிக்கையான ஆளாத் தெரியுதீக.

அப்பிடியே யாராச்சும் வந்து கேட்டாலும் நீங்க ஒண்ணும் பதறவேண்டாம். ஊத்தடி தங்கையா, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால வீடு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.